மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சிறு எஸ்யூவி: பெட்ரோலா, சிஎன்ஜியா, டீசலா, ஹைபிரிடா?

திருநகர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் குடியிருக்கிறோம். விருதுநகரில் ஒரு கல்லூரியில் பணியாற்றுகிறேன். வாரத்தில் மூன்று நாட்கள் நான்குவழிச் சாலையில் போய் வருகிறேன். மற்ற நாட்களில் ஊருக்குள் ஓட்டம், விடுமுறையில் கொடைக்கானலோ திருநெல்வேலியோ போவது என்று எல்லாம் சேர்த்து மாதத்துக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. இப்போதுள்ள சிறிய காரில் தாழ்வான இருக்கையில் குனிந்து அமர்வது முழங்கால் வலி உள்ள என் தந்தைக்கு மிகவும் சிரமமாக இருப்பதால், சிறு எஸ்யூவி ஒன்று வாங்கலாம் என்று கணவரும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.

மாருதி பிரெஸ்ஸாவின் பெட்ரோல், சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) வடிவங்களையும், டாடா நெக்ஸான் டீசலையும், சற்றுப் பெரிதாக இருந்தாலும் பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் உள்ள கிராண்ட் விட்டாரா ஹைபிரிடையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விளம்பரத்தில் உள்ள மைலேஜ் எண்களை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பிரெஸ்ஸாவிலேயே கீழ்நிலை மேனுவலுக்கு லிட்டருக்கு 17.38 கிலோமீட்டர் என்றும் மேல்நிலை மேனுவலுக்கு 19.89 என்றும் போட்டிருக்கிறார்கள், என்ஜின் ஒன்றுதான். இந்த இரண்டரை கிலோமீட்டர் எங்கிருந்து வருகிறது, அது எனக்கும் கிடைக்குமா என்பது முதல் கேள்வி. எரிபொருள், சர்வீஸ், காப்பீடு, டயர் எல்லாம் சேர்த்து ஒரு கிலோமீட்டருக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்பது இரண்டாவது.

ஏட்டுக்கணக்கு (பதில்)

வணக்கம் அம்மா. முதல் கேள்விக்கு விடை, அந்த எண்ணை அளக்கும் முறையில் இருக்கிறது. நம் நாட்டில் காரைச் சாலையில் ஓட்டி மைலேஜைச் சான்றளிப்பதில்லை. உருளைகளின் மேல் நிறுத்தி, வகுக்கப்பட்ட ஓர் ஓட்ட அட்டவணைப்படி இயக்கி அளக்கிறார்கள். ஏறத்தாழ இருபது நிமிடம் நீளும் அந்த அட்டவணையில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்; ஏசி போடுவதில்லை; மொத்த நேரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு நேரம் வண்டி நின்றபடியே இருக்கும். மேல்நிலை பிரெஸ்ஸாவில் நிற்கும்போது என்ஜினைத் தானே அணைத்துத் திரும்பக் கிளப்பும் மைல்ட் ஹைபிரிட் அமைப்பு உண்டு. நின்றபடி கழியும் நேரத்துக்கு எரிபொருள் செலவாகாததே அந்த இரண்டரை கிலோமீட்டரின் பெரும்பகுதி. திருமங்கலம் தாண்டி விருதுநகர் வரை நில்லாமல் செல்லும் உங்கள் ஓட்டத்தில் அதற்கு வேலையே இல்லை. எனவே அந்தக் காரணத்துக்காக மட்டும் மேல்நிலைக்குப் போக வேண்டாம்.

பெட்ரோலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஒரு லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கலவைக்காக அமைக்கப்பட்ட கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரையும், புதிய கலவைக்கேற்ப அமைக்கப்பட்டவற்றில் 1 முதல் 2 விழுக்காடு வரையும் மைலேஜ் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. புதிய கார் வாங்கும் உங்களுக்கு இழப்பு சிறியதுதான்.

இனிக் கிலோமீட்டர் கணக்கு. ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் என்று கொள்கிறேன். பெட்ரோல் லிட்டருக்கு 101 ரூபாய், டீசல் 92.50, சிஎன்ஜி கிலோவுக்கு 91 என்று வைத்துக்கொள்கிறேன். வாங்கும் அன்று பங்கில் உள்ள விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பிரெஸ்ஸா பெட்ரோல் மேனுவல் உங்களைப் போன்ற கலப்பு ஓட்டத்தில் ஏசியுடன் 16.5 கொடுக்கும் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,10,000 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 6.10. சிஎன்ஜியின் அறிவிக்கப்பட்ட எண் கிலோவுக்கு 25.51, கையில் 23 கிடைத்தாலும் ஆண்டுச் செலவு 71,000 தான், கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. டீசலில் 19.5 என்றால் 85,000. ஹைபிரிடுக்கு அறிவிக்கப்பட்டது 27.97, நெடுஞ்சாலை மிகுந்த ஓட்டத்தில் 22 என்று வைத்தால் 82,600.

பலரும் இந்த இடத்தில் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் காரின் செலவில் மிகப் பெரியது எரிபொருள் அல்ல, தேய்மானம். வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையாக 12.5 லட்சம் கொடுத்து வாங்கிய காரை ஐந்து ஆண்டு, 90,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு 6.5 லட்சத்துக்கு விற்றால், போன ஆறு லட்சத்தைக் கிலோமீட்டருக்குப் பங்கிடும்போது 6.67 ரூபாய் வருகிறது. பங்கில் ஒவ்வொரு முறையும் காசு கொடுப்பதால் எரிபொருள் கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிடப் பெரிய தொகை கண்ணுக்குத் தெரியாமலே கரைகிறது. இத்துடன் காப்பீட்டுக்கு ஆண்டுக்குச் சராசரி 25,000 என்றால் கிலோமீட்டருக்கு 1.40, சர்வீஸுக்கு 80 காசு, டயருக்கு 70 காசு. கூட்டினால் பதினைந்தரை ரூபாய்க்குக் குறையாது.

ஆகவே மைலேஜுக்காக வாங்கும்போதே கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு பத்தாயிரத்தையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. 2023 நவம்பரில் மாற்றப்பட்ட வாழ்நாள் சாலை வரி, 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 விழுக்காடு, 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 விழுக்காடு. இந்த 18 விழுக்காடு தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் சேர்த்து. பெட்ரோல் வடிவம் 9.30 லட்சம், அதே நிலையின் சிஎன்ஜி வடிவம் 10.20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விலை வித்தியாசம் 90,000; ஆனால் வரி 1,20,900-இலிருந்து 1,83,600-ஆகத் தாவுவதால் உண்மையான வித்தியாசம் 1,52,700 ஆகிவிடுகிறது. ஆண்டுக்கு 39,000 மிச்சப்படுத்தினாலும் போட்டதை எடுக்க நான்கு ஆண்டு ஆகும். அதற்கு ஒரு நிலை கீழே இறங்கி, 8.30 லட்சம் பெட்ரோலையும் 9.20 லட்சம் சிஎன்ஜியையும் ஒப்பிட்டால் இரண்டுமே 13 விழுக்காட்டுக்குள் அடங்கும்; கூடுதல் செலவு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல், மூன்றாம் ஆண்டுக்குள் அது திரும்பிவிடும். ஷோரூமில் விலைப்பட்டியல் வாங்கும்போது ஆன்ரோடு விலையை மட்டும் பார்க்காமல் சாலை வரி என்ற வரியைத் தனியாகப் பாருங்கள்.

பட்டறைக்காரன் (பதில்)

மேலே நண்பர் சொன்ன கணக்கோடு உடன்படுகிறேன். டீசலைப் பற்றி மட்டும் பட்டறையில் இருந்து சில செய்திகள்.

இப்போதைய பிஎஸ்6 புகை விதிப்படி வரும் டீசல் கார் எல்லாவற்றிலும் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் எரித்துத் தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ள அதற்கு ஓரளவு நீண்ட, சீரான ஓட்டம் தேவை. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் காய்கறி வாங்கவும் மட்டும் ஓடுகிற டீசல் கார்கள்தாம் டிபிஎஃப் விளக்கு எரிந்தபடி என்னிடம் வருகின்றன. விளக்கைப் பொருட்படுத்தாமல் மேலும் ஓட்டினால் செலவு பல ஆயிரங்களில் வந்து நிற்கும். உங்களுக்கு வாரம் மூன்று நாள் நெடுஞ்சாலை இருப்பதால் இந்தத் தொல்லை வராது. டீசல் உங்களுக்குப் பொருந்தும், ஆனால் லாபம் தராது: ஆண்டுக்கு மிச்சமாவது 25,000 அளவில்தான், விலையில் அதைப் போலப் பல மடங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும், சில மாடல்களில் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசலும் அவ்வப்போது ஊற்ற வேண்டும். மாதம் 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவராக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

நெக்ஸானை நீங்கள் விரும்பினால் அதன் பெட்ரோலையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோது நான்கு மீட்டருக்குள் நீளமும், 1,200 சிசிக்குள் பெட்ரோல் என்ஜினோ 1,500 சிசிக்குள் டீசல் என்ஜினோ உள்ள கார்களுக்கு 18 விழுக்காடு ஆயிற்று. நெக்ஸான் இரண்டிலும் அதற்குள் வருகிறது. பிரெஸ்ஸாவும் நான்கு மீட்டருக்குள்தான், ஆனால் என்ஜின் 1,462 சிசி என்பதால் 40 விழுக்காட்டில் நிற்கிறது. நெக்ஸானின் டர்போ பெட்ரோல் என்ஜின் மெதுவாக ஓட்டினால் நல்ல மைலேஜ் தரும். அழுத்தி ஓட்டினால் பிரெஸ்ஸாவைவிட அதிகம் குடிக்கும்.

பிரெஸ்ஸாவே எடுப்பதானால் ஆயிலில் கவனம் வையுங்கள். அந்த என்ஜினுக்கு நிறுவனம் சொல்வது 0டபிள்யூ-16 என்ற மிக மெல்லிய ஆயில். வெளியில் ஊற்றும்போது "நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியாக இருக்கட்டும்" என்று 20டபிள்யூ-40 ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மைலேஜும் குறையும், என்ஜினுக்கும் நல்லதல்ல. டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், ஓட்டுநர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பாருங்கள்.

கேஸ்வண்டி_விருதுநகர் (பதில்)

சகோதரி, நான் அதே வழியில் எதிர்த்திசையில் சிஎன்ஜி பிரெஸ்ஸாவில் வந்து போகிறேன். கணக்கில் சிஎன்ஜி வெல்வது உண்மைதான். ஆனால் அதனோடு வாழ்வது எப்படி என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

சிலிண்டரின் கொள்ளளவு 55 லிட்டர் என்று எழுதியிருக்கும். அது தண்ணீர் அளவு. 200 பார் அழுத்தத்தில் அதற்குள் அடங்கும் வாயுவின் எடை ஒன்பது கிலோவை எட்டாது. அதுவும் மதிய வெயிலில் நிரப்பினால் வாயு சூடாகி விரிந்து, குறைந்த எடையிலேயே அழுத்தமானி 200-ஐக் காட்டிவிடும். எட்டு கிலோ ஏறியது என்றால் நல்ல நாள். எனவே ஒரு நிரப்பலுக்கு 180 கிலோமீட்டர் என்றே திட்டமிட வேண்டும். உங்களுக்குக் கல்லூரி நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பங்கில் நிற்க வேண்டியிருக்கும். நிரப்பும்போது உள்ளே இருப்பவர்கள் அனைவரும் இறங்க வேண்டும். தந்தையோடு செல்லும்போது இது ஒரு தொல்லை. அவர் இல்லாத நாட்களில் நிரப்பிக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம், எல்லாப் பங்குக்கும் வாயு குழாயில் வருவதில்லை. பல இடங்களில் சிலிண்டர் அடுக்கிய லாரி வந்து நின்று, அதிலிருந்துதான் நிரப்புகிறார்கள். லாரி வந்தவுடன் போனால் 200 வரை ஏறும். அது தீரும் நேரத்தில் போனால் 140, 150-இல் நின்றுவிடும், வரிசையில் காத்திருந்ததற்கு முக்கால் சிலிண்டர்தான் கிடைக்கும். எனவே வாங்கும் முன் உங்கள் வழியில் உள்ள பங்குகளுக்கு, நீங்கள் வழக்கமாகக் கடக்கும் நேரத்தில் போய், ஊழியரிடம் லாரி எப்போது வரும், அழுத்தம் எவ்வளவு கிடைக்கிறது என்று கேளுங்கள். அங்கு நிற்கும் ஆட்டோக்காரர்களிடம் கேட்டால் இன்னும் துல்லியமாகச் சொல்வார்கள்.

பின்புறப் பெட்டியில் சிலிண்டர் உட்கார்ந்துவிடுவதால் கைப்பைகளுக்கு மட்டுமே இடம் மிஞ்சும். சக்கர நாற்காலி, நடைக்கோல் போன்றவை ஏற்ற வேண்டிய குடும்பமாக இருந்தால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; நெக்ஸானில் சிலிண்டரை இரண்டாகப் பிரித்துத் தரைக்குக் கீழே வைத்திருப்பதால் அந்தக் குறை வெகுவாகக் குறைகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை சிலிண்டரை அழுத்தச் சோதனை செய்து சான்று வாங்குவது கட்டாயம்.

திருநகர்வாசி (தொடர் கேள்வி)

மூவருக்கும் மிக்க நன்றி. சாலை வரி வரம்பு பற்றி எந்த ஷோரூமிலும் எங்களுக்குச் சொல்லவில்லை. தந்தைக்கு வாக்கர் ஏற்ற வேண்டியிருப்பதால் பெட்டி இடம் எங்களுக்கு முக்கியம். இன்னும் இரண்டு ஐயங்கள். கொடைக்கானல் ஏறும்போது ஐந்து பேரோடு எந்த வண்டி சிரமப்படாது, இறங்கும்போது ஹைபிரிட் பேட்டரி நிரம்புவதால் ஏறிய செலவு திரும்பிவிடும் என்று ஷோரூமில் சொன்னார்களே, அது சரியா? கப்பலூர் சுங்கச்சாவடிக்கு ஆண்டு பாஸ் எடுப்பதா, உள்ளூர் பாஸ் எடுப்பதா?

மலைச்சாரல் (பதில்)

அந்த ஷோரூம் வாக்கை ஒரு சிறு கணக்கால் சோதிக்கலாம். ஆட்களோடும் சாமான்களோடும் ஒன்றரை டன் எடையுள்ள காரை 2,000 மீட்டர் உயரம் ஏற்ற, சாலையில் உருள்வதற்கான செலவு போக, 29 மெகாஜூல் ஆற்றல் தேவை. என்ஜின் எரிபொருளில் நாலில் ஒரு பங்கைச் சற்றே தாண்டித்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது என்பதால் இந்த ஏற்றத்துக்கு மட்டும் மூன்றரை லிட்டர் பெட்ரோல் போகும். கிராண்ட் விட்டாரா ஹைபிரிடின் பேட்டரி 0.76 யூனிட் கொள்ளளவு உடையது, அதாவது 2.7 மெகாஜூல். இறக்கத்தில் முழுதாக நிரம்பினாலும் ஏறியதில் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பாது. சில வளைவுகளிலேயே அது நிரம்பி, பிறகு என்ஜின் பிரேக்தான் வேலை செய்யும். அந்தக் காரின் உண்மையான வெற்றி நெரிசலில் இருக்கிறது. மதுரையில் காளவாசலிலும் கோரிப்பாளையத்திலும் நின்று நின்று ஊரும் ஒருவருக்கு அது 25-க்கு மேலும் தரும். உங்கள் ஓட்டத்தில் பிரெஸ்ஸா பெட்ரோலைவிட ஆண்டுக்கு 27,000 அளவில் மிச்சமாகும். ஐந்து லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து அதை மீட்க முடியாது. அமைதிக்காகவும் இடத்துக்காகவும் வாங்கலாம், சிக்கனத்துக்காக வேண்டாம்.

மலை ஏறுவதற்குப் பிரெஸ்ஸா பெட்ரோலின் 103 குதிரைத்திறன் போதும். சிஎன்ஜியில் அது 88 ஆகக் குறைவதால் வளைவுகளில் இரண்டாம் கியரைவிட்டு மேலே போக முடியாமல் இழுக்க வேண்டியிருக்கும். மலையடிவாரத்தில் பெட்ரோலுக்கு மாற்றிக்கொண்டால் அவ்வளவு சிரமம் தெரியாது. இறங்கும்போது எக்காரணம் கொண்டும் நியூட்ரலில் விடாதீர்கள். கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை முழுதும் விட்டால் இன்றைய என்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும்; நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் சும்மா ஓட எரிபொருள் குடிக்கும், பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும். சிக்கனமும் பாதுகாப்பும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன.

நெடுஞ்சாலையில் வேகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 80-இல் செல்லும்போது உள்ளதைப்போல 110-இல் ஏறத்தாழ 1.9 மடங்கு, உயரமும் அகலமும் கூடிய எஸ்யூவிக்கு இது சிறிய காரைவிட அதிகம் உறைக்கும். திருநகரிலிருந்து விருதுநகர் வரை 85-இல் போனால் கூடுதலாக ஆகும் நேரம் பத்து நிமிடத்துக்குள்தான். லிட்டருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கும் எந்தத் தொழில்நுட்பத்தையும்விட இது மலிவு.

ஏட்டுக்கணக்கு (பதில்)

சுங்கக் கேள்விக்கு: 2025 ஆகஸ்ட் 15 முதல் தனியார் கார்களுக்கு வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் தொடக்கத்தில் 3,000 ரூபாயாக இருந்தது; ஓராண்டு அல்லது 200 கடப்பு, எது முன்னே வருகிறதோ அதுவரை செல்லும். போவது ஒரு கடப்பு, வருவது ஒரு கடப்பு என்பதால் வாரம் மூன்று நாள் செல்லும் உங்களுக்குக் கப்பலூரிலேயே எட்டு மாதத்தில் 200 தீர்ந்துவிடும். சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கான மாதாந்திரச் சலுகைப் பாஸ் மாதம் சுமார் 350 ரூபாய். அதில் கடப்புக்கு எண்ணிக்கை இல்லை, ஆனால் அந்த ஒரு சாவடியில் மட்டுமே செல்லும். இரண்டும் ஆண்டுக்கு 4,000 ரூபாயைச் சுற்றியே வருகின்றன. திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி போவதாக இருந்தால் ஆண்டு பாஸ். கோடை விடுமுறையில் கல்லூரி மூடியிருக்கும் மாதத்தை விட்டுவிடலாம் என்ற வகையில் உள்ளூர் பாஸ் மேல். அதற்கு வண்டியின் பதிவுச் சான்றில் திருநகர் முகவரி இருக்க வேண்டும், பதிவின்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

வாக்கர் ஏற்ற இடம் வேண்டும் என்றீர்கள். அப்படியானால் பத்து லட்சத்துக்குள் அடங்கும் பிரெஸ்ஸா பெட்ரோல் மேனுவலையும், அதே வரம்புக்குள் எந்த நிலை கிடைக்கிறது என்று பார்த்து நெக்ஸான் சிஎன்ஜியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். வழியில் உள்ள பங்கில் மாலை நேரத்தில் அழுத்தம் நன்றாகக் கிடைத்தால் இரண்டாவது, இல்லையென்றால் முதலாவது.

வாங்கிய பின் திரையில் காட்டும் மைலேஜை நம்பிக் கணக்கு எழுதாதீர்கள். அது பெரும்பாலும் சற்றுக் கூட்டியே காட்டும். ஒரே பங்கில், சமதரையில் வண்டியை நிறுத்தி, நாசில் முதல்முறை தானாக நின்றவுடன் "போதும்" என்று சொல்லிவிடுங்கள். தொகையை முழு எண்ணாக்குவதற்காக மேலும் அழுத்தி நிரப்பவிடக் கூடாது. டிரிப் மீட்டரைச் சுழியாக்கிவிட்டு, அடுத்த முறையும் அதே பங்கில் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை ஏறிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். ஒரு நிரப்பலை வைத்து முடிவு செய்யாமல், நான்கைந்து நிரப்பல்களின் தூரத்தையும் லிட்டரையும் தனித்தனியே கூட்டி வகுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் 15-க்குக் கீழே போனால் டயர் காற்றிலும் வேகத்திலும் தொடங்கிப் பாருங்கள்; அவை சரியாக இருந்தும் ஏறாவிட்டால் பிரேக் ஒட்டிக்கொண்டு உரசுகிறதா, சக்கர அலைன்மென்ட் விலகியிருக்கிறதா என்று அடுத்த சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.